ஒஸ்டாராவுக்கு வாடகை வீட்டில் பீடம் வைப்பது எப்படி?

கேள்வி: லீட்ஸில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கிறேன். வேலையிடத் தோழி ஒருத்தி பேகன், கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய தெய்வங்களை வணங்குகிறவள். போன மார்ச்சில் ஒஸ்டாரா என்கிற வசந்தப் பண்டிகைக்காக அவள் வீட்டில் வைத்திருந்த பீடத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கும் ஒன்று வைக்க ஆசை. இணையத்தில் 'ஒஸ்டாரா முழுத் தொகுப்பு' என்று நாற்பது பவுண்டுக்கு ஒரு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா? வாடகை ஒப்பந்தப்படி மெழுகுவத்தி ஏற்றக் கூடாது. பூனை ஒன்று இருக்கிறது. சாமி அலமாரியிலேயே ஒரு தட்டை இதற்கு ஒதுக்கலாமா?

பதில்:

பெட்டி வேண்டாம். அப்படி ஒன்றை எனக்குத் தெரிந்தவருக்கு யாரோ பரிசாகக் கொடுத்து, நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். ரெசினில் வார்த்த முயல், மினுமினுப்பு பூசிய பிளாஸ்டிக் முட்டை மூன்று, வாசனை எண்ணெய் ஒரு குப்பி, கூழாங்கல் அளவில் இரண்டு ஸ்படிகம், வெள்ளை சேஜ் இலைக்கட்டு. வெள்ளை சேஜ் கலிஃபோர்னியாப் பக்கத்துச் செடி, அங்குள்ள பூர்வகுடிகளின் சடங்குப் பொருள். அந்தப் பெட்டியில் இருந்த எதுவும் மார்ச் மாத யார்க்‌ஷயரில் கண்ணில் படுவதல்ல. ஒஸ்டாரா பீடம் என்பது, உங்கள் ஜன்னலுக்கு வெளியே அந்த வாரம் எது மாறிக்கொண்டிருக்கிறதோ அதில் ஒரு பிடியை உள்ளே கொண்டுவந்து வைப்பது. நான் பதினைந்து வருடமாக இந்த நாட்டில் ஒரு சிறு குழுவோடு வருடத்தின் எட்டுப் பண்டிகைகளையும் கொண்டாடி வருகிறேன். வருடா வருடம் பீடத்தில் பொருள் குறைந்துகொண்டேதான் வருகிறது.

'பேகன்' என்றதும் மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் நினைவுக்கு வருவார். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது 'பேகானுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாட்டுப்புறத்தான் என்று பொருள். கிறிஸ்தவம் பரவியபோது பழைய தெய்வங்களை விடாதவர்களை அப்படிச் சொன்னார்கள். இன்று பிரிட்டனில் அதைத் தாங்களாகவே எடுத்துச் சூட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் மதம் என்ற இடத்தில் பேகன் என்று எழுதினார்கள். பேகன் வழிகளில் ஒன்றான விக்காவைத் தனியாக எழுதியவர்கள் 13,000 பேர்.

அடுத்து, நீங்கள் கேட்காவிட்டாலும் எல்லாருக்கும் வருகிற கவலை: பழங்கால முறைப்படி வைக்க வேண்டாமா? பழங்கால முறை என்று நம் கையில் இருப்பது மிகவும் கொஞ்சம். வடகிழக்கு இங்கிலாந்தின் ஜாரோ மடத்துத் துறவி பீட், 725-இல் காலக்கணக்கைப் பற்றி எழுதிய லத்தீன் நூலில், ஆங்கிலேயர் முன்பு ஒரு மாதத்தை இயோஸ்டர்மோனத் என்று அழைத்தார்கள், இயோஸ்ட்ரே என்ற தேவிக்கு அந்த மாதத்தில் விழா எடுத்ததால் அந்தப் பெயர் என்கிறார். அவ்வளவுதான். தேவி எப்படி இருப்பாள், கையில் என்ன, படையல் என்ன, ஒன்றும் இல்லை. ஆயிரத்து நூறு வருடம் கழித்து, தேவதைக் கதைகள் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவரான யாக்கோப், 1835-இல் ஜெர்மானியப் புராணங்களைப் பற்றி எழுதியபோது, அங்கும் ஒஸ்டாரா என்று ஒரு தேவி இருந்திருக்க வேண்டும் என்று மாதப் பெயரை வைத்து ஊகித்தார். பீட் இட்டுக்கட்டிவிட்டார் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் 1958-இல் ஜெர்மனியின் ரைன்லாந்தில், மோர்கன்-ஹார்ஃப் அருகே, 'ஆஸ்ட்ரியாஹேனே' என்ற பெயருள்ள அன்னைத் தெய்வங்களுக்கு ரோமானியர் காலத்தில் நேர்ந்து எழுப்பிய கற்கள் நூற்றைம்பதுக்கு மேல் கிடைத்தன. பெயர் ஒற்றுமை சும்மா தள்ளிவிடக்கூடியதல்ல. அதற்காக இரண்டும் ஒன்றே என்று அடித்துச் சொல்லவும் முடியாது.

வருடச் சக்கரம் என்று எட்டுப் பண்டிகைகளைக் கோத்தது 1950களில். விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர், துருயிதுகள் (பழைய கெல்டியப் பூசாரிகளின் பெயரைச் சூட்டிக்கொண்ட பேகன் வழியினர்) தரப்பில் ராஸ் நிக்கல்ஸ் ஆகியோர் காலத்து வேலை அது. வசந்த சம இரவுக்கு, அதாவது மார்ச்சில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் நாளுக்கு, ஒஸ்டாரா என்ற பெயர் இன்னும் புதுசு: அமெரிக்கரான ஏடன் கெல்லி 1974-இல் வைத்தது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடும். எனக்கென்னவோ நிம்மதிதான். தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பயப்பட இங்கே ஆகமம் எதுவும் இல்லை.

முயல் விஷயமும் இப்படித்தான். அடிபட்ட பறவையைத் தேவி முயலாக மாற்றினாள், அது நன்றியோடு முட்டையிட்டது என்ற கதை எல்லா இடத்திலும் 'தொன்மையான கதை' என்று ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கு முன்னால் அதற்கு ஒரு தடயமும் கிடையாது. 1682-இல் ஒரு ஜெர்மன் மருத்துவர், முட்டை கொண்டுவரும் ஈஸ்டர் முயலைப் பற்றி அல்சேஸ் பகுதிக் குடும்பங்களின் பழக்கமாக எழுதியிருக்கிறார். அது கிறிஸ்தவ வீட்டுப் பழக்கம். முயலைத் தேவியோடு முடிச்சுப் போட்டது 1874-இல் ஹோல்ட்ஸ்மான் என்ற ஜெர்மன் அறிஞரின் ஊகம். ஆனால் உங்கள் ஊர்ப் பக்கத்து வயல்களில் மார்ச்சில் ஹேர் என்கிற பெரிய காட்டுமுயல்கள் பின்னங்காலில் நின்று குத்துச்சண்டை போடும். இரண்டு ஆண்கள் மோதுவது போலத் தெரியும். பெரும்பாலும் அது, போதும் போ என்று ஆணை அறையும் பெண். அதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வந்தீர்களானால் ரெசின் முயல் வாங்கத் தோன்றாது. நான் பார்த்த அன்று செல்போனில் எடுத்த மங்கலான படத்தை அச்சுப்போட்டு வைத்திருக்கிறேன். என் பீடத்தில் முயல் என்றால் அதுதான்.

சரி, இடத்துக்கு வருவோம். சாமி அலமாரி வேண்டாம். தெய்வங்கள் கோபித்துக்கொள்ளும் என்றல்ல, பேகன்கள் பல தெய்வங்களோடு பழகியவர்கள். சிக்கல் முட்டையில் இருக்கிறது. பிள்ளையாருக்குப் பக்கத்தில் முட்டை இருப்பதை அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டால் அன்றைய கொண்டாட்டம் அதோடு முடிந்தது. இன்னொரு காரணமும் உண்டு. சாமி அலமாரி வருடம் முழுக்க அங்கேயே இருப்பது. இந்தப் பீடம் போட்டு, சில நாள் வைத்து, கலைப்பது. அதற்கு ஜன்னல் விளிம்பு போதும். கிழக்குப் பார்த்த ஜன்னல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சம இரவு நாளில் சூரியன் கிட்டத்தட்ட நேர் கிழக்கில் எழுவது உலகம் முழுக்கப் பொது. நம் குழுவிலேயே பீடம் வடக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்பாரும் உண்டு, கிழக்கு என்பாரும் உண்டு. ஒவ்வொரு வருடமும் அந்தச் சண்டை நடக்கும், பிறகு தேநீர் குடிப்போம்.

நாள், பெரும்பாலான வருடங்களில் மார்ச் 20. (மெல்போர்னிலோ சிட்னியிலோ இருந்து இதைப் படிப்பவர்களுக்குச் செப்டம்பர் 22, 23 வாக்கில்தான் வசந்தம். மார்ச்சில் அங்கே இலையுதிர்காலம், முட்டை வைத்துப் பயனில்லை.) பகலும் இரவும் சரிசமம் என்பார்களே, அது துல்லியமாக அன்றைக்கு அல்ல. காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல்விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கணக்கு வைப்பதாலும், பிரிட்டனில் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே சமமாகிவிடும்.

வேலையைப் பத்து நாள் முன்னால் தொடங்குங்கள். காலையில் முட்டைப்பொரியல் செய்யும்போது ஓட்டை நடுவில் உடைக்காமல் தலைப்பக்கம் மட்டும் தட்டி எடுங்கள். மூன்று ஓடு சேர்ந்ததும் கழுவி, முட்டைப் பெட்டியிலேயே நிறுத்தி, உள்ளே நனைத்த பஞ்சு வைத்து கிரெஸ் என்ற சிறு கீரையின் விதையைத் தூவுங்கள். இங்கே ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் செய்வதுதான், ஓட்டில் கண்ணும் வாயும் வரைந்தால் கிரெஸ் தலைமுடியாக வளரும். ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும். விதையும் முட்டையும் ஒரே பொருளில் வந்துவிடுகிறது, விலை ஒரு பவுண்டு சொச்சம். இன்னொரு கிண்ணத்தில் மண் போட்டுக் கோதுமையையும் முளைக்க விடுங்கள். முளைப்பாரி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஒரு வித்தியாசம், இதை இருட்டில் வைக்காமல் வெளிச்சத்தில் வைப்போம். பூனை வந்து அந்தக் கோதுமைப் புல்லை மேய்ந்தால் மேயட்டும். காணிக்கைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாயமுட்டை செய்வதில்தான் எனக்கு ஆசை அதிகம், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வடக்கு இங்கிலாந்தில் இதற்குப் பேஸ் முட்டை என்று பெயர், ஈஸ்டர்காலத்து வழக்கம். முட்டைக்குச் சாயமும் பொன்தகடும் இடுவது இந்த நாட்டில் பழைய விஷயம்தான்: 1290-இல் முதலாம் எட்வர்ட் மன்னரின் அரண்மனைக் கணக்கில் 450 முட்டைக்கு 18 பென்ஸ் செலவு எழுதியிருக்கிறது. நமக்குப் பொன் வேண்டாம், வெங்காயத்தோல் போதும். சாம்பார் வெங்காயம் அல்ல, இங்கே கிடைக்கும் பெரிய பழுப்பு வெங்காயம். ஏழெட்டு வெங்காயத்தின் காய்ந்த மேல்தோலை ஒரு வாரமாகச் சேர்த்து வையுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு, ஒரு கரண்டி வினிகர் விட்டு, அரை மணி நேரம் சிறுதீயில் கொதித்தால் தண்ணீர் கஷாய நிறத்துக்கு வரும். ஆற விடுங்கள். அதற்குள் கொத்தமல்லித்தழையில் நல்ல விரிந்த இலையாக ஒன்றைக் கிள்ளி, தண்ணீரில் நனைத்து முட்டைமேல் ஒட்டுங்கள். பழைய நைலான் காலுறையில் ஒரு துண்டு வெட்டி, முட்டையை அதில் போட்டு, இலை நகராதபடி பின்னால் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இந்த முடிச்சில்தான் எல்லாமே இருக்கிறது. தளர்ந்தால் இலைக்கு அடியில் சாயம் புகுந்து வெறும் கறை மிஞ்சும். சாயத்தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து, அப்படியே அதிலேயே ஆற விட்டு, அவிழ்த்துப் பாருங்கள். தேக்கு மேசை நிறத்தில் ஒரு முட்டை, அதன் வயிற்றில் கொத்தமல்லி இலை, ஒவ்வொரு பல்லும் தெரிய. ஒரு சொட்டு நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்தால் பளபளக்கும். பிரிட்டன் கடைகளில் முட்டை பெரும்பாலும் பழுப்பு ஓடுதான், அதில் இலையின் உருவம் இளம்பழுப்பாக விழும், நிறம் மட்டும் இன்னும் ஆழமாக வரும். வெங்காயத் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள், வெங்காயம் பூனைக்கு ஆகாது.

அந்த முட்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பண்டிகை நாளன்று வெளியே எடுங்கள். என் முதல் வருடத்தில், வெந்த முட்டை ஒன்று டாஃபடில் என்ற மஞ்சள் வசந்தப் பூ வைத்த குவளைக்குப் பின்னால் மறைந்துபோய், மூன்று வாரம் அங்கேயே இருந்துவிட்டது. வீட்டில் எலி செத்துவிட்டது என்று தரைவிரிப்பைத் தூக்கித் தேடினோம்.

பூவுக்கு வருகிறேன், உங்கள் பூனை இருப்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒஸ்டாராவுக்கு எல்லாரும் சொல்கிற பூ டாஃபடில். அதன் கிழங்கு பூனைக்குக் கடும் விஷம், பூவும் தண்டும் அது நிற்கிற குவளைத் தண்ணீரும்கூட ஆகாது. ஹயசின்த், டியூலிப் இரண்டும் அப்படியே. லில்லி வகை வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அதன் மகரந்தம் மேலே ஒட்டி, அதை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். வாசனை எண்ணெய்களும் வேண்டாம், பூனைகளுக்கு அவை பலவும் கேடு. ஆனால் டாஃபடில் இல்லாத மார்ச் இங்கே மார்ச்சே அல்ல. அதனால் ஒரு வழி சொல்கிறேன்: பீடம் ஜன்னலுக்கு உள்பக்க விளிம்பில், டாஃபடில் தொட்டி வெளிப்பக்க விளிம்பில். நடுவில் கண்ணாடி. பீடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பின்புறம் கிடையாது. உள்ளே வைக்க, தொங்கும் மஞ்சள் பூங்கொத்தோடு ஹேசல் என்ற மரத்தின் குச்சி இரண்டு போதும். காட்டில் எதையும் வேரோடு பிடுங்காதீர்கள். 1981-ஆம் ஆண்டு வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டப்படி நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் காட்டுச்செடியைப் பிடுங்குவது குற்றம். காட்டுப் பறவையின் முட்டையை எடுப்பதும் குற்றம், எவ்வளவு அழகாக இருந்தாலும்.

நான்கு திசை, நான்கு பூதம் என்று விக்கா வழியில் ஒரு அமைப்பு உண்டு: வடக்கே மண், கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர். ஜன்னல் விளிம்பில் திசைக்கொன்றாக வைக்க இடம் இருக்காது, வரிசையாக வைத்தாலும் யாரும் வந்து அளக்கப்போவதில்லை. மண்ணுக்குக் கோதுமைக் கிண்ணம். காற்றுக்குப் பூங்காவில் கிடந்த புறா இறகு. நீருக்கு மழை, மார்ச்சில் லீட்ஸில் அதற்கு என்ன பஞ்சம், ஒரு கப்பை வெளியே வையுங்கள். நெருப்புக்கு, ஒப்பந்தத்தை மீறாதீர்கள். பேட்டரியில் எரியும் சிறு விளக்குகள் இரண்டு வாங்கி, ஒன்றை வெள்ளைக் கோப்பையிலும் ஒன்றைக் கறுப்புக் கோப்பையிலும் வையுங்கள், பகலும் இரவும். பேட்டரி விளக்கு மனசுக்கு ஒட்டவில்லை என்றால் அதையும் விட்டுவிட்டு ஒரு முகக்கண்ணாடியைச் சாய்த்து வையுங்கள். காலை வெயில் அதில் பட்டு எதிர்ச்சுவரில் விழும். எனக்கு மெழுகுவத்தியைவிட அதுதான் பிடிக்கும், மேகம் இல்லாத வருடங்களில். விரிப்புத் துணி இளம்பச்சையோ மஞ்சளோ, எதுவானாலும் சரி.

இந்த நான்கு பூத அமைப்பு எல்லாப் பேகன்களுக்கும் பொது அல்ல. ஹீதன்கள் எனப்படும் ஜெர்மானிய வழிக்காரர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. துருயிதுகள் இந்த நாளை ஆல்பன் ஐலிர் என்பார்கள். லண்டனில் டவர் ஹில்லில் வசந்த சம இரவன்று நண்பகலில் துருயிதுகள் சிலர் வெள்ளை அங்கியோடு வட்டமாக நின்று சடங்கு செய்வார்கள், அலுவலகத்தார் சாண்ட்விச்சோடு நின்று பார்ப்பார்கள். உங்கள் தோழி எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவளையும் கூப்பிட்டால் இன்னும் நல்லது.

அன்று என்ன செய்வது? லீட்ஸில் அன்றைக்கு உதயம் காலை ஆறு பத்து வாக்கில். எழுந்து, ஜன்னலைத் திறந்து, குளிர் உள்ளே வரட்டும். மந்திரம் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நான் வாய்விட்டு, இந்த வாரம் வெளியே கண்ட புதுசு ஒவ்வொன்றையும் சொல்வேன்: குப்பைத்தொட்டிக்குப் பின்னால் கறுப்புமுள் மரம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பக்கத்து வீட்டுக் கூரையில் காகம் குச்சி கொண்டுபோகிறது, கையுறை இல்லாமல் பஸ்ஸுக்கு நின்றேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி மழைத்தண்ணீர் கோதுமைக்கு விடுவேன். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைச் சுற்றிவிட்டு வந்து உட்காருங்கள்.

அதே காலத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். லீட்ஸிலிருந்து ரயிலில் ஹெப்டன் பிரிட்ஜ் போய், செங்குத்தான கல்பாதையில் மூச்சிரைக்க ஏறினால் ஹெப்டன்ஸ்டால் என்ற ஊர். புனித வெள்ளியன்று அங்கே பேஸ் முட்டை நாடகம் நடக்கும். புனித ஜார்ஜ் சண்டை போடுவார், ஆட்கள் விழுவார்கள், ஒரு போலி வைத்தியர் வந்து செத்தவனை எழுப்புவார். பேகன் சடங்கின் மிச்சம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், அதற்குச் சான்று இல்லை. ஆனால் கூட்டத்தில் நின்று கத்த நன்றாக இருக்கும்.

பீடத்தை எப்போது கலைப்பது என்றால், வெளியே டாஃபடில் தலை தொங்கியதும். இறகு பூங்காவுக்கு, ஹேசல் குச்சி உரக்குழிக்கு, கோதுமை பூனைக்கு. சாயமுட்டையை மட்டும் அன்று காலையே பீடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் சாப்பிட ஆகாது. உரித்து மசித்து, மயோனைஸும் மிளகுத்தூளும் கலந்து, ஓட்டில் வளர்ந்த கிரெஸைக் கத்தரிக்கோலால் வெட்டித் தூவி, இரண்டு ரொட்டித்துண்டுக்கு நடுவே வையுங்கள். முட்டையும் கிரெஸும் வைத்த சாண்ட்விச் இந்த நாட்டில் எந்த ரயில்நிலையத்திலும் கிடைப்பதுதான். வேலைக்குக் கட்டிக்கொண்டு போங்கள், தோழிக்கும் ஒன்று சேர்த்து.